விதைப் பானை

“நிமிர்ந்து சலாம் வை. உன் எஜமான் வந்திருக்கேன்.”

வாசலில் நின்ற யேரோவைப் பார்த்தும் தாக்கோ பெருக்குவதை நிறுத்தவில்லை.

“எஜமானா? தட்டைப்பயறு தின்னி. ஓசிச் சாப்பாட்டுக்கு வந்தேன்னு சொல்லு.”

அவன் பா குலம், அவள் ஜல்லோ குலம். செனகல் ஆற்றங்கரையில் இந்த இரு குலத்தாரும் பார்த்த இடத்தில் இப்படி விளையாட்டாக ஏசிக்கொள்வது பரம்பரை வழக்கம். கோபித்துக்கொள்ளத்தான் கூடாது.

“வெள்ளம் வடிஞ்சு எட்டு நாளாச்சு. ஊரே சோளம் விதைச்சிருச்சு. உன் நிலம் மட்டும் ஏன் சும்மா கிடக்கு?”

“நாளைக்கு விதைப்பேன்.”

“நேத்தும் இதைத்தான் சொன்னே. இன்னும் ரெண்டு நாள்ல மண்ணு வெடிச்சிரும். அப்புறம் தகப்பன் இல்லாத அந்தப் பிள்ளைகளுக்கு வருஷம் பூரா என்னத்தைப் போடுவே?”

தாக்கோவின் துடைப்பம் ஒரே இடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தது.

“சரி, குடிக்கத் தண்ணியாவது குடு.”

அவள் உள்ளே போய் மொண்டு வந்தபோது, வாசலோரம் வாயில் துணி கட்டி வைத்திருந்த விதைப் பானையின் பக்கத்தில் அவன் நின்றிருந்தான். தண்ணீரைக் குடித்தான். வழக்கமாகப் போகும்போதும் ஏசுகிறவன், அன்று பேசாமல் போனான்.

மறுநாள் விடிந்ததும் அவள் ஆற்றோரம் போனாள். அவள் நிலத்தில் யேரோ கோலால் குழி போட்டுக்கொண்டிருந்தான். இடுப்பில் தொங்கிய சுரைக்குடுக்கை நிறையச் சோள விதை.

“யோவ், உன் வீட்டுல ஒரு வேளைதான் அடுப்பு எரியுது. என் நிலத்துல உனக்கென்ன வேலை?”

“ஜல்லோக்காரிக்கு மாடு மேய்க்கத்தான் தெரியும், விதைக்கத் தெரியாதுன்னு ஊருக்குக் காட்டப் போறேன்.”

“என்கிட்ட விதை இல்லையா? பானை நிறைய வச்சிருக்கேன். இரு, எடுத்துட்டு வரேன்.”

“உன் விதையைப் போட்டா தட்டைப்பயறுதான் முளைக்கும். எஜமான் சொல்றேன், பேசாம குழியை மூடிட்டு வா.”

பக்கத்து நிலங்களில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவனைத் திட்டித் தீர்த்தபடியே, தாக்கோ ஒவ்வொரு குழியையும் ஒரு கை மணலால் மூடிக்கொண்டு போனாள். வெயில் உச்சிக்கு வருவதற்குள் அந்தச் சிறிய நிலம் விதைத்து முடிந்தது.

வீடு திரும்பியதும் பானையின் துணியை அவிழ்த்தாள்.

விதைச் சோளத்தைப் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு, பானை காலியானது ஊர் கண்ணில் படக் கூடாதென்று அவள் நிரப்பி வைத்த ஆற்று மணல் அப்படியே இருந்தது.

அதன் நடுவில், நான்கு தடித்த விரல்கள் ஆழமாக இறங்கிய தடம்.