பொத்தான் டப்பா

"அவனுக்குக் கோபம் வந்தா கண்ணு மண்ணு தெரியாதும்மா. மத்தபடி மனசு பால் மாதிரி. நீதான் கொஞ்சம் பொறுத்துப் போகணும்."

மாமியார் கெஞ்சினாள். மருமகள் துணிகளைப் பெட்டிக்குள் அடுக்கினாள். முந்தின நாள் அவன் வீசியதில் பறந்துபோய்ச் சுவரில் நொறுங்கியது அவளுடைய மூக்குக்கண்ணாடி. அது இல்லாமல் ஊசியில் நூல் கோக்க முடியாது. தையல்தான் அவள் வருமானம்.

"அவங்க அப்பாவும் இப்படித்தான். ரத்தத்துலயே ஊறினது. அவன் என்ன பண்ணுவான், பாவம்!"

"பாவம்தான் அத்தை." மருமகள் பெட்டியைப் பூட்டினாள். "கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு வேடிக்கை காட்டறேன், வாங்க."

சாப்பாட்டு மேசையில் கணவனின் புதுச் செல்போன் கிடந்தது. அதை அவன் நாற்காலிக்கு நேராக நகர்த்தினாள். தன் பொத்தான் டப்பாவை மறுகோடியில் வைத்தாள்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான் கணவன்.

"என் நீலச் சட்டை எங்க?"

"இஸ்திரி போடல."

"ஏன்?"

"கண்ணு தெரியல. கண்ணாடிதான் பறந்துபோச்சே."

"குத்திக் காட்டறியா? வேணாம், என்னைக் கிளறாத. அப்புறம் நான் மனுஷனாவே இருக்க மாட்டேன்!"

"இப்ப மட்டும்?"

அவ்வளவுதான். கழுத்து நரம்பு புடைத்தது. உதடு துடித்தது. கத்திக்கொண்டே மேசைமேல் பாய்ந்தான்.

முதலில் கையில் தட்டுப்பட்டது செல்போன். ஈரம் படாமல் இரண்டு விரலால் அதை எடுத்து, அலமாரியில் பத்திரமாக வைத்தான். பிறகு திரும்பி வந்து, மேசைக்கு மேலே உடம்பை நீட்டி, எட்டாத டப்பாவை எட்டிப் பிடித்து, சுவரில் ஓங்கி அடித்தான்.

பொத்தான்கள் வீடு முழுக்க உருண்டன.

"பார்த்தியாம்மா?" மூச்சிரைத்தது அவனுக்கு. "கோபத்துல என்ன பண்றேன்னு எனக்கே தெரியல!"

மாமியார் அவனைப் பார்க்கவில்லை. அலமாரியைப் பார்த்தாள். குனிந்து, காலடிக்கு உருண்டு வந்த ஒரு பொத்தானைப் பொறுக்கி மருமகள் கையில் வைத்தாள். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள்.

"உன் மாமனாரும் கைக்குக் கிடைச்சதையெல்லாம் உடைப்பார்டி" என்றாள் மெதுவாக. "அவரோட ரேடியோவுல மட்டும் கடைசிவரைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்ல."