குயிலம்மாவின் தொண்டை

“அக்காவைப் பேச வைக்காதீங்க. தொண்டைக்கு ஆகாது” என்று சொல்லிக்கொண்டே, குயிலம்மாவின் கழுத்தில் கம்பளித் துண்டை இறுக்கிச் சுற்றினார் தங்கை. எண்பதை நெருங்கிய அந்தத் தொண்டையைக் கண்ணாடிப் பாத்திரம்போலக் காப்பாற்றுவதுதான் அவருக்கு அறுபது வருட வேலை.

எந்த மேடையில் யார் பாடச் சொன்னாலும் குயிலம்மா புன்னகையோடு தொண்டையைத் தொட்டுக் காட்டுவார். மறுப்பது தங்கையின் பொறுப்பு.

பேசும்படம் வந்த புதிதில், மேடையில் சக்கைப்போடு போட்ட ‘மாமனாருக்கு மறுமணம்’ என்ற நாடகத்தைப் பாட்டும் சிரிப்புமாகப் படமெடுத்தார்கள். குயிலம்மா நடித்தது அந்த ஒரே படம்தான். படச்சுருள்கள் தீயில் போயின. படம் பார்த்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு குயிலம்மாவின் புகழுக்குத் தடையே இல்லை.

இன்று புது அரங்கத்துக்கே அவர் பெயர். வாசலில் பெயர்ப்பலகை துணி போர்த்திக் காத்திருந்தது.

இடிந்த ஸ்டுடியோ ஒன்றின் கொட்டகையில், படத்தில் சேர்க்காமல் வெட்டிப் போட்ட ஒரு துண்டு கிடைத்திருந்தது. ஒலியோடு ஓட்டும் இயந்திரம் புது அரங்கத்தில்தான் இருந்ததால், தானும் இன்றைக்குத்தான் கேட்கப்போவதாகச் சொன்னார் திரைப்படக் காப்பகத்துக்காரர். பழைய குப்பையை எதற்குக் கிளற வேண்டும் என்று தங்கை முகம் சுளித்தார். இந்த வயதிலும் அக்கா மேல் பொறாமை போகவில்லையே என்று பின்வரிசையில் காதைக் கடித்துக்கொண்டார்கள்.

அந்தக் காலத்தில் படமும் பாட்டும் ஒரே நேரத்தில் பதிவாகும் என்றும், வாத்தியக்காரர்கள் கேமரா கண்ணில் படாமல் ஒளிந்து வாசிப்பார்கள் என்றும் காப்பகத்துக்காரர் விளக்கினார். பிறகு தங்கையிடம் திரும்பினார்.

“படப்பிடிப்புக்கு நீங்களும் போயிருந்தீங்களாம்மா?”

“போனேன். ஆர்மோனியக்காரர் பக்கத்துல, புதருக்குள்ள. எறும்புக்கடிதான் தாங்கல.”

சபை சிரித்தது. விளக்கு அணைந்தது.

திரையில் பதினெட்டு வயதுக் குயிலம்மா தோட்டத்து ஊஞ்சலில் ஆடினார். மாமனாருக்குப் பெண் தேடும் மருமகளின் கேலிப்பாட்டு. குரல் தேனாக வழிந்தது. விழாத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருட்டில் குயிலம்மாவின் விரல்கள் தங்கையின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டன.

பாட்டு முடிந்தது. ஆர்மோனியம் ஓய்ந்தது. அதே தேன்குரல் இப்போது பேசியது:

“அக்கா, வாயை மூடு. பாட்டு முடிஞ்சிடுச்சு.”