நிரல் கேட்ட கேள்வி

ஜன்னல் வெயில் கணினித் திரையில் சாய்ந்து விழுகிறது. நட்சத்திர ஒளியை அலசும் மென்பொருள், ஆராய்ச்சி மாணவி பைத்தான் கணினிமொழியில் எழுதிய நிரலைத் தனக்குள்ளிருந்தே ஓடவிட்டு, பிடித்துவைத்த பிள்ளையாராக உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒளியின் வரைபடத்தை இன்று காட்டினால்தான் அடுத்த மாதம் தொலைநோக்கியைப் பயன்படுத்த அவளுக்கு அனுமதி. பேராசிரியரின் செருப்புச் சத்தமோ படியேறுகிறது. “தனியா ஓட்டினப்போ ஓடுச்சே,” என்று நகம் கடிக்கிறாள். பக்கத்து மேஜைத் தோழி நிரலை எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள். “முதல் வரியிலயே ‘ஆரம்பிக்கலாமா?’ன்னு கேட்டு, பதில் வந்தாத்தான் ஓடச் சொல்லியிருக்கியேடி. தனியா ஓட்டினப்போ நீ பதில் தட்டியிருப்ப; மென்பொருளுக்குள்ள இருந்து கேட்டா திரையில தெரியாது. பாவம், சாப்பிடக் கூப்பிடாத புது மாப்பிள்ளை மாதிரி உள்ளேயே காத்துக்கிட்டிருக்கு.” மாணவி அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுகிறாள். கருந்திரையில் நீலக்கோடு ஒன்று நெளிந்து, நடுவில் துள்ளி, சிகரமாக எழுகிறது. கதவு திறக்கிறது. “என்னம்மா, ஆரம்பிக்கலாமா?” என்கிறார் பேராசிரியர். தோழி சிரிப்பை இருமலாக்குகிறாள். “ஆரம்பிச்சாச்சு சார்,” என்கிறாள் மாணவி.