குடத்திலிருந்து போன கோடு

மண்சரிவு கொண்டுபோன தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் தன் வீடு எங்கே இருந்ததென்று சுகந்திக்குத் தெரிய வேண்டும். செத்துப்போன அம்மாவுக்கு அங்கே விளக்கு வைக்க வேண்டும். நிவித்திகல டவுன் ஸ்டூடியோக்காரி பஹ்மா, வாசலில் அம்மா குடத்தோடு நிற்கும் பழைய படத்தையும், அன்று காலையில் எடுத்த மண்மேட்டுப் படத்தையும் கம்ப்யூட்டரில் அருகருகே வைத்தாள். ஒத்துப்போகும் புள்ளிகளைக் கம்ப்யூட்டரே தேடிப் பச்சைக் கோடுகளால் இணைத்தது. பாறைக்குப் பாறை, பலாவுக்குப் பலா.

"எவ்ளோ கெட்டித்தனமா கண்டுபுடிக்குது!" சுகந்தி அசந்துபோனாள்.

அம்மாவின் மூக்குத்தியிலிருந்தும் குடத்திலிருந்தும்கூடக் கோடுகள் கிளம்பி, காலைப் படத்தில் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில், ஆளில்லாத இடத்தில் முடிந்தன.

"பிழையாக் காட்டுது," என்றாள் பஹ்மா.

"காலையில எடுத்ததுங்களே மிஸ். அம்மா தண்ணிக்குப் போயிருக்கும்."

மாலையில் மண்மேட்டை இன்னொரு படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் வைத்தார்கள். பாறைக் கோடும் பலாக் கோடும் மாறவில்லை. அம்மாவின் கோடுகள் மட்டும் மேட்டின் நடுவுக்கு வந்திருந்தன.

சுகந்தி மேட்டுக்குப் போய் அந்த இடத்தில் விளக்கோடு குனிந்தாள். காய்ந்த மண்ணில், குடத்தின் அடியளவுக்கு வட்டமாக ஈரம் இருந்தது.