ஐந்தோடு நிற்காத கை

குழந்தையின் முகத்தை இசக்கியப்பன் பார்க்கவில்லை. விரல்களைத்தான் எண்ணினான். இடது கையில் சுண்டுவிரலை ஒட்டி, அவரைப்பிஞ்சு போல ஆறாவதாக ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

புளியங்குடி எலுமிச்சையை லாரியில் நாக்பூருக்குக் கொண்டுபோய் இறக்கியவன், திரும்பி வந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே தென்காசி ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தான். மனைவி சந்தனமாரி பிரசவக் களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இது எப்படி வந்துச்சு டாக்டர்?"

டாக்டர் லட்சுமிநாராயணனுக்கு விளக்கம் சொல்வதென்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. "கருவில கை முளைக்கும்போது, அஞ்சோட நிறுத்துன்னு ஜீன்கள்லேருந்து உத்தரவு போகணும். இங்க அந்த உத்தரவு பிசகிப்போச்சு. பெரும்பாலும் பரம்பரையா வர்றதுதான். அப்பா, அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இருந்தாலே போதும்."

'பெரும்பாலும்' என்ற வார்த்தை இசக்கியப்பன் காதில் விழவே இல்லை. கணக்குப் போட்டான். சந்தனமாரிக்கு அஞ்சு. மாமனார், மாமியாருக்கும் அஞ்சு. தன் அம்மா மூக்கம்மாளுக்கு அஞ்சு. அவன் பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்த தகப்பன் கணக்கில் வரவில்லை.

ஆறு விரல்காரன் என்று அவனுக்குத் தெரிந்தது ஒரே ஒருத்தன்தான். குற்றால அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் பிச்சைமணி. அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சந்தனமாரி சீயக்காய் விற்றாள்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. லாரி சீட்டுக்கு அடியில் கிடந்த அரிவாளை எடுத்தான். இடதுகைப் பழக்கம் அவனுக்கு. இறுக்கிப் பிடித்ததில் சுண்டுவிரல் ஓரத்து மிளகளவு மருவில் பிடி உரசி வலித்தது.

குற்றாலத்தில் லாரி நின்றபோது, பிச்சைமணி அருவிக்கரையில் ஒரு வெளியூர்க்காரரின் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்க அண்ணாச்சி. பிள்ளை பொறந்திருக்காமே" என்று சிரித்தான்.

முதல் வெட்டு தோளில் விழுந்தது.

"எதுக்கு வெட்டுதீய அண்ணாச்சி?" என்று கேட்டபடியே கையைக் குறுக்கே நீட்டினான். இரண்டாவது வெட்டில் அந்தக் கை மணிக்கட்டோடு தொங்கியது. எண்ணெய்ப் பாறையில் வழுக்கி விழுந்தவனின் கழுத்தில் மூன்றாவது வெட்டு.

குளிக்க வந்தவர்கள் ஈரத்துணியோடு சிதறி ஓடினார்கள். கிட்டே வந்து தடுக்க ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை. சாரலில் ரத்தமும் எண்ணெயும் கலந்து ஓடின.

லாரி மறுபடி ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. தடுக்க வந்த கம்பவுண்டர் அரிவாளைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டார். இசக்கியப்பன் சந்தனமாரியின் முடியைப் பிடித்துக் கட்டிலிலிருந்து இழுத்துப் போட்டான். அவள் குழந்தையை அடியில் வைத்துக் கவிழ்ந்துகொண்டாள்.

"என்ன தப்பு செஞ்சேன்னு சொல்லிட்டு வெட்டுங்க."

வெந்நீர் வாங்கப் போயிருந்த மூக்கம்மாள் செம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்து, மகன் ஓங்கிய கையைப் பிடித்துத் தொங்கினாள்.

"ஏலே, யாரு ரத்தம்லே இது?"

"பிச்சைமணி ரத்தம். அவன் கதை முடிஞ்சுது. அடுத்து இவ."

"அவன் உனக்கு என்னலே பண்ணினான்?"

"பிள்ளை கையைப் பார்த்தியா? பெத்தவங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு ஆறு விரல் இருக்கணுமாம். டாக்டரே சொல்லுதாரு. இவளுக்கு இருக்கா? எனக்கு இருக்கா? அவனுக்குத்தான இருக்கு."

மூக்கம்மாளின் பிடி தளர்ந்தது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"எவனும் பொண்ணு தர மாட்டான்னு பயந்து மறைச்சேனே, பாவி."

"என்னத்த மறைச்சே?"

"உனக்கும் ஆறுதாம்லே இருந்துச்சு, பொறந்த மூணாம் நாளு நாந்தான் நூலைக் கட்டி உதிர வச்சேன்."