மந்தி மாற்றிய குரல்

நாவல் மரத்தில் ஒரு மந்தி இருந்தது. செந்நாய் வந்தால் மூன்று முறை இருமும். பழம் உதிர்த்தால் ஒரு முறை இருமும். கீழே மேய்ந்த புள்ளிமான் அந்தக் குரலை நம்பித்தான் தன் குட்டியை வளர்த்தது.

ஒருநாள் நடுப்பகலில் மந்தி ஒரே ஒரு முறை இருமியது. பழம் உதிர்கிறது என்று மான் குட்டியோடு மெல்ல மரத்தடிக்குப் போனது. அங்கே செந்நாய்கள் நின்றன. மான் தப்பியது. குட்டி தப்பவில்லை.

மறுநாள் மான் மரத்தடிக்கு வந்து, "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்டது.

"தொண்டை புண்ணாகிவிட்டது. இனிமேல் செந்நாய்க்கு ஒன்று, பழத்துக்கு இரண்டு என்று எங்கள் கூட்டத்தில் மாற்றிக்கொண்டோம்," என்றது மந்தி.

"எனக்கும் சொல்லியிருக்கலாமே."

"நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று எனக்கு யார் சொன்னார்கள்?" என்று கேட்டது மந்தி.

இன்னோர் உயிர் இப்படிப் போகக் கூடாது என்று மான் நினைத்தது. அந்தக் குரலை யார் யார் நம்பியிருக்கிறார்கள் என்று காடெல்லாம் விசாரித்தது. மயிலும் காட்டுப்பன்றியும் தாங்களும்தான் என்றன. அவற்றுக்குப் புதிய கணக்கைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கடைசியில் புதரோரம் தனியாக உட்கார்ந்திருந்த முயலிடம் வந்தது.

"மந்தி இருமுவதை நீயும் கேட்பாயா?"

"அது எனக்கு எதற்கு? நான் உன் காலடியைத்தான் கேட்பேன்," என்றது முயல். "நீ ஓடினால் என் பிள்ளைகளோடு நானும் ஓடுவேன். அன்றைக்கு நீ நிதானமாக நடந்தாய். நீ ஓட ஆரம்பித்தபோது செந்நாய்கள் என் புதருக்குள் நுழைந்துவிட்டன."