சத்தமில்லாத கார்

“சத்தமே வராதுன்னு சொல்லித்தானே சார் இந்தக் காரை என் தலையில கட்டினீங்க? இப்ப பின்பக்கம் கடகடன்னு ஒரு சமையலறையே கூட வருது.”

வழக்கறிஞர் சாவியை மேசைமேல் வைத்த வேகத்தில் மேனேஜரின் பேனா உருண்டு கீழே விழுந்தது. அந்த மின்சாரக் காருக்கு அன்று முதல் சர்வீஸ்.

“பாத்துடலாம் சார். இதுல ஆயில் மாத்துற வேலையெல்லாம் கிடையாது. பிரேக், டயர், பேட்டரி, அவ்வளவுதான். முதல் சர்வீஸ்ல பெரிசா ஒண்ணும் இருக்காது.”

“ஒண்ணும் இருக்காதுன்னா எதுக்கு வரச் சொன்னீங்க? உங்க சோபா எப்படி இருக்குன்னு பாக்கவா?”

பக்கத்து நாற்காலியில் இருந்த அவருடைய மனைவி தணிந்த குரலில், “விடுங்களேன். சத்தம் வந்தா வந்துட்டுப் போகுது. வண்டி ஓடுதுல்ல?” என்றாள்.

“நீ சும்மா இரு. இப்படி விட்டு விட்டுத்தான் இவங்களுக்குக் குளிர் விட்டுப்போச்சு.”

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கார் லிஃப்டில் உயர்ந்தது. மெக்கானிக் அதன் அடியில் புகுந்தான். டார்ச் அடித்துத் தேடினான். பின் பம்பருக்கு உள்ளே கையை விட்டான். சற்று நேரத்தில் ஒரு பழைய தகர டப்பாவோடு உள்ளே வந்தான். நைலான் கயிற்றில் தொங்கிய அந்த டப்பாவுக்குள் சில ஆணிகள் கிடந்தன. லேசாக ஆட்டிக் காட்டினான்.

“இதுதான் சார் சத்தம்.”

வழக்கறிஞர் மேனேஜர் பக்கம் திரும்பினார்.

“ஆக, புது வண்டியில டப்பாவைக் கட்டி அனுப்புறீங்க. சத்தம் வருதுன்னு நாங்க அலறிட்டு ஓடி வரணும். அதைக் கழட்டிட்டு நீங்க பில் போடணும். நல்ல பிழைப்பு சார்.”

“முதல் சர்வீஸ் இலவசம் சார்” என்றார் மேனேஜர் பரிதாபமாக.

“அப்ப இது ரெண்டாவது சர்வீசுக்கு அச்சாரம்.”

மெக்கானிக் குறுக்கிட்டான். “சார், கட்டினவங்க யாரோ, பாத்துப் பாத்துக் கட்டியிருக்காங்க. கயிறு சக்கரத்துல மாட்டாது. வண்டியில உரசக் கூடாதுன்னு டப்பாவுக்குத் துணிகூட சுத்தியிருக்கு.”

“உனக்கு எப்படிப்பா இவ்வளவு விவரம் தெரியுது?” குறுக்கு விசாரணை தொடங்கிவிட்டது. “வண்டி வாங்கின மறுவாரம் எங்க வீட்டுல சார்ஜர் மாட்ட வந்தது யாரு?”

“நான்தான் சார்.”

“அப்ப வண்டிகிட்ட தனியா இருந்தது?”

“நான்தான். ஆனா...”

“ஆனா கோனா எல்லாம் வேண்டாம். சத்தம் எப்ப ஆரம்பிச்சுது தெரியுமா? அதுக்கு மறுநாள்.” மேனேஜரிடம் திரும்பினார். “இந்த ஆள் இப்பவே வெளிய போகணும். இல்லைன்னா உங்க கம்பெனிக்கு நோட்டீஸ் வரும். கோர்ட்டுல சந்திப்போம்.”

காத்திருந்த மற்ற வாடிக்கையாளர்களும் எழுந்து நின்று பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். மேனேஜர் அவர்களைப் பார்த்தார். பிறகு மெக்கானிக்கைப் பார்க்காமல் பேசினார்.

“தம்பி, நீ கிளம்பு. நாளைக்கு வர வேண்டாம்.”

“நான் கட்டல சார்” என்றபடி மெக்கானிக் கையுறையைக் கழற்ற ஆரம்பித்தான். “வீட்டுல என்னன்னு சார் சொல்லுவேன்?”

“நான்தான் கட்டினேன்” என்றாள் வழக்கறிஞரின் மனைவி.

“இரக்கப்படுறதுக்கு ஒரு நேரம் காலம் கிடையாதா உனக்கு?”

“இரக்கம் இல்லைங்க. அது நம்ம மொட்டை மாடிக் கொடிக்கயிறு. வெட்டின மிச்சம் அங்கேயே கிடக்கு. இவர் சார்ஜர் மாட்டிட்டுப் போன அன்னிக்குச் சாயங்காலம் நானே அடியில படுத்துக் கட்டினேன்.”

வழக்கறிஞரின் கோபம் இப்போது வீட்டுப் பக்கம் திரும்பியது.

“பைத்தியமா உனக்கு? நான் இங்க தொண்டை கிழியக் கத்திட்டிருக்கேன், நீ கல்லுப் பிள்ளையார் மாதிரி உக்காந்திருக்கே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?”

“சொல்லக் கூடாதுன்னு மாமா சத்தியம் வாங்கிட்டார்.”

“அப்பாவா? என் காருக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? வண்டி வந்த புதுசுல நான் வீட்டுக்குத் திரும்பி வர்றப்பல்லாம் கேட்டுக்கு நடுவுல தூண் மாதிரி நின்னார். ஒரு நாள் மயிரிழையில தப்பினார். அன்னிக்கு நாலு பேர் பார்க்க நான் திட்டின திட்டுலதான் புத்தி வந்து, இப்பல்லாம் ஒழுங்கா ஒதுங்கி நிக்கிறார்.”

மெக்கானிக் பாதி கழற்றிய கையுறையோடு நின்றான். அவனிடமிருந்து அவள் டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

“திட்டினதால இல்லைங்க. பழைய வண்டி இருக்கும்போதே மாமாவுக்குக் கண்ணு தெரியாமப் போயிடுச்சு. அந்த இன்ஜின் சத்தம் தெருமுனையில காதுல விழுந்ததும்தான் கேட்டைத் திறந்துட்டு ஒதுங்கி நிப்பார். உங்களுக்குத் தெரிஞ்சா, மகனுக்குன்னு செய்யற அந்த ஒரு வேலையையும் பிடுங்கிடுவீங்கன்னு பயந்துதான் என்கிட்ட சத்தியம் வாங்கினார்.”